அரைக்குவளை

அந்தச் சலவை நிலையத்துக்கு முறையாக ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் அண்ணாந்து படித்ததில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அது ‘நுரையக்கா கடை’. இந்தப் பட்டப்பெயர் அவள் காதுக்குப் போகவில்லை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எப்போதோ தெரியும். கேட்ட அன்றைக்குக் கோபப்படுவதற்குப் பதிலாக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள் என்பதுதான் உண்மை.

துணி வெளுக்க வேண்டுமானால் நுரை வேண்டும். நுரை எவ்வளவோ வெளுப்பும் அவ்வளவு. இது அவள் கட்சி. மெஷினின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நுரை திரண்டு நின்று, உள்ளே துணி கிடப்பதே தெரியாமல் போக வேண்டும். தெரிந்தால் இன்னொரு குவளை சோப்பு ஊற்றுவாள். “போதும்க்கா” என்று யாராவது வாயைத் திறந்தால், “நீ துவைக்கறியா, நான் துவைக்கட்டுமா?” என்பாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அவளிடம் கேள்வி கேட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்தவரே இல்லை.

கடையில் பெரிய மெஷின் ஒன்று, சின்ன மெஷின் ஒன்று. சின்னதை அவளே பார்த்துக்கொள்வாள். பின்கட்டில் அவள் கணவர் ஆவி இஸ்திரி போடுவார். வாயிலிருந்து வரும் சொல்லைவிடப் பெட்டியிலிருந்து வரும் ஆவி அதிகம். துணி மடிக்க இரண்டு பெண்கள். அதில் ஒருத்திக்கு வாய் ஓயாது, அதனால் வாயாடி என்றே பெயர். பெரிய மெஷினில் நின்றது கொழுந்தன், கணவரின் ஒரே தம்பி. நின்றது என்று சொல்வதற்குக் காரணம், இப்போது அவன் அங்கே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள்தான் அவனை வெளியே அனுப்பினாள்.

கடைக்குச் சோறு போடுவது ஒரே ஒரு வாடிக்கை: தெருமுனையில் இருக்கும் நாலுமாடி விடுதி. வருஷத் தொடக்கத்தில் விடுதிக்காரர்கள் எல்லா அறைக்கும் புது விரிப்பு வாங்கினார்கள். எதிர்காலத்தில் குழப்பம் வேண்டாமென்று மேல் இரண்டு மாடி விரிப்புகளின் ஓரத்தில் நீல நூலும், கீழ் இரண்டு மாடி விரிப்புகளின் ஓரத்தில் சிவப்பு நூலும் வைத்துத் தைத்திருந்தார்கள். நீலநூல் மூட்டை பெரிய மெஷினுக்கு, சிவப்புநூல் மூட்டை சின்னதுக்கு என்று முதல் நாளே வழக்கமாகிவிட்டது.

சில மாதத்தில் புகார் வர ஆரம்பித்தது. விரிப்பு பழுப்பேறுகிறது, பழையது மாதிரி இருக்கிறது, வாசனையும் போதவில்லை என்றார்கள். அவள் சோப்பைக் கூட்டினாள். மறுபடி புகார் வந்தது. மறுபடி கூட்டினாள். மூட்டைக்கு மூன்று குவளை என்று சட்டம் போட்டாள். அப்படியும் புகார் நின்றபாடில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மத்தியானம் கொழுந்தனின் வண்டிப் பையில் கடைச் சோப்புக் கேன் ஒன்று அகப்பட்டது. கையும் களவுமாக.

அவள் போட்ட கூச்சலில் எதிர்க்கடை ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “மூணு குவளை ஊத்துடான்னு தொண்டை கிழியக் கத்தறேன், இவன் கேன் கேனா வெளிய கடத்தறான்! துணி எப்படி வெளுக்கும்? கடையைக் கெடுத்தவன் கூடவே இருந்திருக்கான்!” என்றாள். கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். ஏன் எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், எத்தனை நாளாக எடுக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தம்பியை ஒரு தடவை பார்த்தார்; மறுபடி பெட்டியை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் போனில் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

திருடன் போனான். இனி விரிப்பு பளிச்சென்று வரும் என்று கடையே காத்திருந்தது. இரண்டு மெஷினிலும் அவளே நின்றாள், அவளே மூன்று குவளை ஊற்றினாள். கண்ணாடி நிறைய நுரை. விரிப்பு முன்பைவிடப் பழுப்பாகப் போனது.

இப்படி இருக்கும்போதுதான் விடுதியின் அறைப் பொறுப்பாளர் நேரில் வந்தார். இந்த அம்மாளுக்கும் கடையில் ஒரு பெயர் உண்டு: விரல் மேடம். எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பார்ப்பார். மேசை, ஜன்னல் விளிம்பு, தேநீர்க் கோப்பையின் அடிப்பாகம், எதுவும் தப்பாது. இன்று கையில் இரண்டு மூட்டையோடு வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நுரையக்கா மடிப்பு மேசையை முந்தானையால் துடைத்தாள்.

“எங்க முதலாளி அடுத்த மாசத்துல இருந்து வேற கடை பாக்கச் சொல்லிட்டாரு. நான்தான் கொஞ்சம் பொறுங்க, ஒரு தடவை நேர்ல போய்ப் பேசிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்,” என்றார்.

“அதான் திருட்டுப் பயலைத் துரத்திட்டேனே மேடம். இன்னும் ஒரு மாசம் கொடுங்க.”

“நான் குறை சொல்ல வரலம்மா. எனக்கு ஒண்ணு புரியல, அதைக் கேக்க வந்தேன்.”

‘எனக்குப் புரியல’ என்பதை அந்த அம்மாள் மணி என்ன என்று கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். நுரையக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய வேலையில் இருப்பவர் இப்படி ஒரு வார்த்தையை நாலு பேர் நடுவில் சொல்லலாமா? அவளாக இருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

விரல் மேடம் மடிப்பு மேசையின் மேல் இரண்டு விரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒன்றின் ஓரத்தில் சிவப்பு நூல், மற்றதில் நீலம். வாசல் வெளிச்சம் நேராக மேசையில் விழுந்தது. சிவப்புநூல் விரிப்பு கழுவாத டம்ளர் மாதிரி மங்கிக் கிடந்தது. நீலநூல் விரிப்பும் புதுசு போல இல்லைதான். ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

“ஒரே நாள்ல வாங்கினது ரெண்டும். ஒரே அளவு உபயோகம். நீலம் மட்டும் ஏன் நல்லா இருக்கு?” என்றார் விரல் மேடம்.

மடிக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வாயாடி எட்டிப் பார்த்துவிட்டு, “நீலம் பெரிய மெஷின்ல போடறது மேடம்,” என்றாள்.

“அதுல யாரு துவைப்பாங்க?”

வாயாடி கூட வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வம்.

நுரையக்கா சுதாரித்துக்கொண்டாள். சின்ன மெஷின் பழசு என்றாள். கீழ்மாடியில் தங்குகிறவர்கள் அழுக்குப் பிடித்தவர்களாக இருப்பார்கள் என்றாள். தண்ணீர் சரியில்லை என்றாள். இரண்டு மெஷினுக்கும் ஒரே குழாய்தான் என்பது அவளுக்கே சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. விரல் மேடம் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்கலாம்” என்றார். எதையும் மறுக்காதவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அந்த அம்மாள் சிவப்புநூல் விரிப்பின் மேல் விரலை ஓட்டினார். பிறகு நீலநூலில் ஓட்டினார். மறுபடி சிவப்பு.

“இது என்ன வழவழன்னு இருக்கு? துவைச்சதுதானே?”

“துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சுக் கொடுத்தது மேடம். அதுல ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.”

“சோப்பே போடாம, வெறும் தண்ணில இதை ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?”

நுரையக்கா சிரித்துவிட்டாள். “சோப்புப் போடாம ஓட்டினா என்ன தெரியும் மேடம்? கண்ணாடில துணி சுத்தறதுதான் தெரியும்.”

“அதையே பாப்போமே. எனக்கும் தெரியாது. சும்மா ஒரு எண்ணம்.”

வாடிக்கை போய்விடக்கூடாதே என்பதற்காக ஒத்துக்கொண்டாள். வேறு காரணம் இல்லை. சிவப்புநூல் விரிப்புகளைச் சின்ன மெஷினில் போட்டுக் கதவைச் சாத்தினாள். சோப்புப் பெட்டியைத் திறந்து, காலியாக இருப்பதை எல்லாருக்கும் காட்டினாள். பொத்தானை அழுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் ஏறியது. துணி புரண்டது. கண்ணாடியின் அடியோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கோடு பட்டையானது. கொஞ்ச நேரத்தில் நுரை பொங்கி, பாதிக் கண்ணாடிக்கு ஏறி, துணியை மறைத்துவிட்டது.

இஸ்திரிப் பெட்டி மட்டும் உஸ்ஸென்றது.

“இவ்வளவு நுரை எங்கிருந்துக்கா வந்துச்சு?” என்றாள் வாயாடி, நிஜமாகவே தெரியாமல்.

நுரையக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்காக அவள் ஊற்றிய சோப்பு எங்கேயும் போகவில்லை. அலசிப் போகாமல் துணிக்குள்ளேயே தங்கிவிட்டது. அதில் அழுக்கு ஒட்டியது. அழுக்கைப் பார்த்து அவள் சோப்பைக் கூட்டினாள். அதுவும் தங்கியது. எந்த நுரையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாளோ, அதே நுரை இப்போது கண்ணாடிக்குள்ளிருந்து அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது.

தண்ணீரை மாற்றி மாற்றி அலசினார்கள். நுரை அடங்கும்வரை விரல் மேடம் கிளம்பவில்லை. உலர்த்தி எடுத்து மேசையில் போட்டபோது விரிப்பு ஒரு படி வெளுத்திருந்தது. அந்த அம்மாள் அதன்மேல் விரலை ஓட்டிவிட்டு, சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காத ஒன்றைச் சொன்னார்.

“இதுல என் பங்கும் இருக்கும்மா. விரிப்புல வாசனை பத்தல, வாசனை பத்தலன்னு உங்களுக்கு ஆள் மேல ஆள் அனுப்பினது நான்தான். வாசனை வந்தா சுத்தம்னு நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷ வேலைல இன்னிக்குத்தான் தெரியுது.” பையை எடுத்துக்கொண்டார். “முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள சிவப்பும் நீலம் மாதிரி வந்துட்டா வேற கடை வேண்டாம். நீலத்துக்கு எவ்வளவு சோப்பு ஊத்தினாங்கன்னு மட்டும் கேட்டு வைங்க.”

கேட்டு வைப்பதாம். யாரிடம் கேட்பது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. கடையில் மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ஆட்கள் போன பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் கணவரிடம் வந்து நின்றாள். அவர் கடைசித் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“உங்க தம்பி துவைச்சதுதான் நல்லா இருந்திருக்கு.”

“அவன் திருடினான்,” என்றார் கணவர்.

“திருடினான். அதனாலதான் சோப்பு கம்மியா விழுந்திருக்கு. அதனாலதான் துணி பிழைச்சிருக்கு.”

“அதுக்கு இப்ப என்ன பண்ணணும்? மாலை போடணுமா?” அவர் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. “சோப்பைக் குறை. துணி வெளுக்கும். திருடன் போனான், துணி வெளுத்துச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. நினைச்சுக்கட்டும். உனக்கும் கௌரவம், கடைக்கும் கௌரவம். இதைத் தோண்டித் துருவி யாருக்கு என்ன லாபம்?”

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கூடப்பிறந்தவன் கடையைக் கெடுத்தான் என்பதை ஜீரணிக்க அந்த மனிதருக்கு இரண்டு மாதம் பிடித்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வெறுமனே பிசைந்துகொண்டிருந்த நாட்களை அவளும் பார்த்தாள். இப்போதுதான் ஒருமாதிரி ஆறியிருந்தது. அதைப் போய் இவள் மறுபடி கீறுகிறாள்.

“சொல்லு. என்ன பண்ணப் போறே?”

அவள் வாயைத் திறந்தாள். எப்போதும் அங்கே தயாராக ஒரு பதில் இருக்கும். இன்று இல்லை.

“எனக்குத் தெரியல,” என்றாள்.

கணவர் உறையை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். கல்யாணமான நாளாக அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

கணவர் சொன்ன வழியை அவள் முயன்று பார்க்காமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பேசாமல் சோப்பைக் குறைத்தாள். மூன்றை ஒன்றாக்கினாள், அப்போதும் அலசும் தண்ணீரில் நுரை வந்தது. பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தாள். தலையணை உறையில் எண்ணெய்க்கறை அப்படியே நின்றது. எங்கேயோ நடுவில் ஒரு அளவு இருந்தது. அது ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஆகவே நியாயத்துக்காக மட்டும் அவனைத் தேடிப் போனாள் என்றால் அது பொய். பாதி நியாயம், பாதி கடை. எது முந்தி என்று அவளைக் கேட்டிருந்தால் அவளாலும் சொல்லியிருக்க முடியாது.

கொழுந்தன் இப்போது கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை, சிமென்ட் தரை, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அவள் போனபோது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு காரின் மேல் நுரை அடித்துக்கொண்டிருந்தான். கார் கண்ணுக்கே தெரியவில்லை. நம் குடும்பத்தை நுரை விடாது போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த குழாய் நழுவி விழுந்து, தரையில் பாம்பாட்டம் ஆடித் தண்ணீரைப் பீய்ச்சியது. கார் கழுவும் கடைக்காரர் ஓடிவந்து குழாயை மூடினார். மூடிய கையோடு, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஒரு கேனின் மேல் அவசரமாக ஒரு துணியை எடுத்துப் போட்டார். கேனின் மூடியில் அவள் கடையின் பச்சை அடையாளம். திருட்டுச் சோப்பு எங்கே போனது, அவனுக்கு இங்கே வேலை எப்படிக் கிடைத்தது, இரண்டும் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டன. பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அதற்கு அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

“ஒரு விஷயம் கேக்கணும்,” என்றாள்.

“எல்லாம்தான் முடிஞ்சு போச்சே அண்ணி.” அவன் கண்கள் அவளுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தன, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று.

“எங்க முடிஞ்சுது? நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. நானே கத்தினேன், நானே முடிச்சேன். இப்பக் கேக்கறேன். மூட்டைக்கு எவ்வளவு சோப்பு எடுத்தே?”

“கொஞ்சம்தான் அண்ணி.”

“கொஞ்சம்னா?”

“ஒரு மூடி அளவு இருக்கும்.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “அவ்வளவுதானா?”

“அதுக்கு மேல தொட்டதில்ல அண்ணி. சத்தியமா.”

“பொய் சொல்லாதே. நிறைய எடுத்திருப்பே.”

“இல்ல அண்ணி.”

“எடுத்திருந்தா நல்லதுடா!”

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். அண்ணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டான். கடைக்காரர் துணி போட்ட கேனை மெதுவாகக் காலால் உள்ளே தள்ளினார்.

“இங்க பாரு. எடுத்ததை விடு. நான் மூணு குவளை ஊத்தச் சொன்னேன். நீ நிஜமா எத்தனை ஊத்தினே? அந்த ஒண்ணை மட்டும் சொல்லு. போலீசு கீலீசுன்னு யாரும் வரல. நான் மட்டும்தான் வந்திருக்கேன்.”

அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். காரிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

“அரை,” என்றான்.

“அரைக்குவளை கம்மியாவா?”

“இல்ல அண்ணி. ஊத்தினதே அரைக்குவளைதான்.”

மூன்றில் இரண்டரை! அவள் ரத்தம் சிவ்வென்று தலைக்கு ஏறியது. “அடப்பாவி! அவ்வளவா தூக்கினே?” என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள், வாடிக்கை பிழைத்தது என்ற சந்தோஷமும் சேர்ந்து வந்தது. அரைக்குவளை. பெரிய மெஷினுக்கே அரைக்குவளை போதும். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“வண்டித் தவணை கட்ட முடியல அண்ணி,” என்று அவன் ஆரம்பித்தான். “முதல்ல ஒரே ஒரு தடவைன்னுதான்... துணி கெட்டுப் போகும்னு தோணல. அப்புறம் ஓட்டல்ல இருந்து புகார் வந்துக்கிட்டே இருந்துச்சு. பயம் வந்துச்சு. நிறுத்தவும் முடியல. நீங்க சொன்னது சரிதான். கடையைக் கெடுத்தது நான்தான். ஓட்டல் போயிட்டா அண்ணன் இந்த வயசுல எங்க போய் நிப்பாருன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கல.”

இதுதான் அவளைக் குத்தியது. செய்த திருட்டுக்கு அவன் வெட்கப்படட்டும். அது அவன் பாடு. ஆனால் இரண்டு மாதமாக அவன் சோறு இறங்காமல் கிடந்தது திருட்டுக்காக இல்லை. அவள் செய்ததற்காக. அவளே தூக்கி அவன் தலையில் கட்டியதற்காக.

“நீ துவைச்ச நீலம்தான் நல்லா இருக்கு,” என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். இரண்டு விரிப்பை, விரலை, சோப்பில்லாமல் பொங்கிய நுரையை, ஒன்றுவிடாமல் சொன்னாள். விரல் மேடம் கேட்டதையும் தான் சிரித்ததையும்கூட விடவில்லை.

“திருடினது நீ. துணியைக் கெடுத்தது நான். ரெண்டையும் சேர்த்து உன் கணக்குல எழுதிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

அவன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நுரை படிந்த கையால் கண்ணைத் துடைக்கப் போய், எரிச்சலில் கண்ணீர் இன்னும் கூடியது. எது சோப்பால் வந்தது, எது துக்கத்தால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. அவளுக்கும் கண் கலங்கியது. அவள் கையில் சோப்பு இல்லை.

“திருட்டுக்குக் கோபம் அப்படியேதான் இருக்கு,” என்றாள் எழுந்துகொண்டே. “அரைக்குவளைன்னு கேட்டதுல இருந்து கூடத்தான் செஞ்சிருக்கு. அதை மெல்லமாப் பேசிக்கலாம். நாளைக்குக் காலைல கடைக்கு வா.”

அவன் தலையாட்டவில்லை. “எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே அண்ணி,” என்றான். “எதிர்க்கடைக்காரங்க வரைக்கும். சொந்தக்காரங்க வரைக்கும்.”

“ஆமா. அதே மாதிரிதான் இதையும் சொல்வேன்.”

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, மறுநாள் காலையில் கடை நடுவில் நின்றபோது ஏற்கெனவே மடித்திருந்த ஓர் உறையை எடுத்து மறுபடி மடித்தாள். மடிக்கும் பெண்கள் நின்றார்கள். எதிர்க்கடைக்காரர்களை அவளே கூப்பிட்டிருந்தாள். எதற்கென்று தெரியாமல் அவர்கள் தேநீர்க் கோப்பையோடு வந்திருந்தார்கள். கொழுந்தன் வாசற்படியிலேயே நின்றான், உள்ளே கால் வைக்கவில்லை. பின்கட்டில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. கணவர் வந்து கதவோரம் சாய்ந்துகொண்டார். முகத்தைப் பார்த்தால் சம்மதமா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

அவள் நீட்டி முழக்கவில்லை. “துணி பழுப்பானதுக்கு இவன் காரணம் இல்ல. நான் ஊத்தின சோப்புதான் காரணம். இவன் சோப்பு எடுத்தது உண்மை. ஆனா கடையைக் கெடுத்தான்னு நான் சொன்னது உண்மை இல்ல. அன்னிக்கு இதே இடத்துல நின்னுதான் சொன்னேன். அதனால இதே இடத்துல நின்னு சொல்றேன்.”

எதிர்க்கடைக்காரர் ஒருவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். வாயாடிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“அப்ப இவர் திருடினதாலதான் துணி தப்பிச்சுதாக்கா? இன்னும் ரெண்டு பேர் திருடியிருந்தா சிவப்பும் தப்பிச்சிருக்குமே!”

முதலில் சிரித்தது கணவர். உஸ்ஸென்று, ஆவி கிளம்புவது மாதிரி ஒரு சிரிப்பு. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், நுரையக்காவும்தான். வேறு நாளாக இருந்தால் வாயாடிக்குச் செமையாகக் கிடைத்திருக்கும். கணவர் நடந்து வந்து, மூலையில் கிடந்த நீலநூல் மூட்டையைத் தூக்கி வாசற்படியில் தம்பியின் காலடியில் போட்டார். “இது உன்னுது,” என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை. தம்பி குனிந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

பெரிய மெஷினின் கதவு சாத்தப்பட்டது. அவன் கேனைச் சாய்த்துக் குவளையில் பாதிக்கு ஊற்றி, அதைச் சோப்புப் பெட்டியில் கவிழ்த்தான். தண்ணீர் ஏறியது. கண்ணாடிக்குள் துணி சுற்றுவது அப்படியே தெரிந்தது. நுரை பேருக்கு ஒரு வளையம். நுரையக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். கை பரபரத்தது. அவளை அறியாமலேயே அது கேனை நோக்கிப் போயிற்று. கேனின் பிடியைத் தொட்டும்விட்டது.

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடையில் யாரும் சொல்லிப் பழக்கமில்லை.

அவள் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“போதுமா?” என்று கேட்டாள்.

கேள்வி தன்னிடம்தான் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று. கண்ணாடியருகே குனிந்து துணியைப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான்.

“போதும் அண்ணி,” என்றான்.